சீராக வந்த டிரெய்லர்

படகு வாங்கக்கூடப் பேச்சிமுத்து இவ்வளவு அலையவில்லை. அதை இழுத்துப் போகும் டிரெய்லருக்காகத்தான் கொல்லத்துக்கும் தென்காசிக்குமாக நடையாய் நடந்தான். ஐந்தருவிப் பக்கம் ஒரு ரிசார்ட்காரர் தம் குளத்தில் சீசனுக்குப் படகு விடச் சம்மதித்திருந்தார். ஆனால் சாயங்காலமானால் படகு தண்ணீரில் கிடக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. வீட்டில் இருந்த நகையெல்லாம் அந்தப் பழைய மோட்டார் படகில் போயிருந்தது. டிரெய்லர் சரியாக அமைந்தால் பிழைப்பு; இல்லையென்றால் மறுபடி மச்சான் ஆவுடையப்பனிடம் டிராக்டர் ஓட்டப் போக வேண்டியதுதான்.

அவன் மனைவி பொன்செல்விக்கு இந்த அலைச்சல் எரிச்சலாக இருந்தது. படகு லாரியில் வந்த அன்றே நெல் லாரி நிறுக்கும் எடைமேடையில் ஏற்றி, எஞ்சின், பேட்டரி, பெட்ரோல் எல்லாவற்றோடும் எடை போட்டிருந்தான். எஞ்சின் பின்னால் தொங்குவதால் பின்பாரம் அதிகம், அச்சு பின்தள்ளி இருக்க வேண்டும், நாலு சக்கரமும் பிரேக்கும் வேண்டும் என்று சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து விளக்குவான். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லையே என்று அவள் கேலி செய்வாள். கடைசியில் கொல்லத்தில் ஒன்று அமைந்தது.

அதற்குள் மகள் மீனுவுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். ஆவுடையப்பன் சும்மா வருவானா? நீலப் பெயிண்ட் அடித்த டிரெய்லர் ஒன்றை மேளதாளத்தோடு மண்டப வாசலுக்கே இழுத்து வந்தான். அதன்மேல் பழத்தட்டு, பட்டுப்பாவாடை, முறுக்கு. பக்கவாட்டில் ‘தாய்மாமன் அன்பளிப்பு’ என்று கொட்டை எழுத்து. மைக்கில் அறிவித்ததும் ஊரே கைதட்டியது. தன்னிடம் வண்டி ஓட்டியவன் தனித்தொழில் தொடங்குவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்று பேசிய வாயெல்லாம் இனி அடைபடும் என்று பொன்செல்வி பூரித்துப்போனாள்.

பேச்சிமுத்து குனிந்து அடியில் பார்த்தான். கழித்துப்போட்ட லோடு ஆட்டோவின் அச்சு. அது ஒன்றுதான், அதுவும் நட்டநடுவில். பிரேக் இல்லை.

“தாங்காதுட்டி,” என்றான் மறுநாள் காலையில். “பின்னால அமுங்கி முன்னால தூக்கிரும்.”

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று அவள் பாய்ந்தாள். சீரை ஓரங்கட்டினால் பிறந்தவீட்டு வாசலை அவள் எப்படி மிதிப்பாள்? ஆனாலும் மனசு கேட்காமல் அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவன் சிரித்தான்.

“படகு மிதக்குத சாமான்ட்டி. மிதக்குததுக்கு ஏது கனம்?”

அதை அப்படியே வந்து புருஷனிடம் ஒப்பித்தாள். அவன் இறங்கி வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பக்கத்தில் நிற்கும்போதே அவன் கொல்லத்துக்காரருக்குப் போன் போட்டு, டிரெய்லர் வேண்டாம் என்று சொன்னான்.

சாரல் தொடங்கிய அன்று வாடகை ஜீப்பில் படகை இழுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். குற்றாலம் வரை ஊர்ந்தே வந்தான். ஐந்தருவி ஏற்றத்தில் டிரெய்லரின் வால் அமுங்கி, கொக்கி தெறித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அது பின்னோக்கி உருண்டு, அச்சு முறிந்து, எஞ்சின் தரையில் மோதப் படகு ரோட்டில் விழுந்து பிளந்தது. பழக்கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அருவியில் குளித்தவர்கள் ஈரத்தலையோடு நின்று வீடியோ எடுத்தார்கள். படகுக்கு நீச்சல் தெரியாதா என்று ஒருவன் கேட்க, நல்ல சிரிப்பு. பேச்சிமுத்து நனைந்துகொண்டே துண்டுகளைப் பொறுக்கினான்.

தகவல் தெரிந்து ஆவுடையப்பன் வந்தான். முதலில் அச்சைத்தான் பார்த்தான்.

“வண்டி ஓட்டத் தெரியும்னுலா நெனச்சேன் மாப்ள,” என்றான், கூட்டத்துக்குக் கேட்கும்படி. பிறகு குரலைத் தணித்து, டிராக்டர் சாவி பழைய ஆணியில்தான் தொங்குகிறது, திங்கட்கிழமை வந்துவிடலாம் என்றான்.

பொன்செல்வி அண்ணன் கையைப் பிடித்தாள். “தாங்காதுன்னு ஒனக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாமலா? ஆயுசு பூரா லோடு ஏத்துதவன்லா நான்.” கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். “நான் சீருதான்ட்டி குடுத்தேன். அதுலதான் படகை ஏத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீதான்லா.”

புருஷன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டிரெய்லரை ஆவுடையப்பனே எடுத்துப் போய்ச் சரிசெய்தான். இந்தத் தடவை நல்ல அச்சு, நாலு சக்கரம், பிரேக். இப்போது அதில் அவனுடைய சிமெண்ட் மூட்டைகள் போகின்றன. எழுத்தை மட்டும் அழிக்கவில்லை. தினமும் காலையில் ‘தாய்மாமன் அன்பளிப்பு’ தெருவைக் கடக்கும்போது மீனு வாசலுக்கு ஓடி, டிராக்டர் ஓட்டும் அப்பாவுக்கு டாட்டா காட்டுவாள். பொன்செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.