எட்டாம் படுக்கைக்காரர் தலையாட்டினார்

மூன்று நாள் லீவு முடிந்து அன்றுதான் அந்த நர்ஸ் ஆண்கள் வார்டுக்குத் திரும்பியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், எட்டாம் படுக்கை நோயாளிக்கு இன்சுலின் ஊசியோடு போனாள். கட்டிலில் தொங்கிய சீட்டிலிருந்த பேரைப் படித்து, "நீங்கதானே?" என்று கேட்டாள். படுத்திருந்தவர் சிரித்தபடி தலையாட்டினார். கை மணிக்கட்டில் கட்டியிருந்த பேர் அட்டையை அவள் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுப் பஞ்சால் துடைத்தாள்.

பிளாஸ்க்கோடு உள்ளே வந்த அவர் மனைவி பதறிப்போனாள்.

"ஏம்மா, அவருக்கு ஏது சர்க்கரை?"

"பேரைக் கேட்டேனே, ஆமாம்னாரே!"

"நல்லா கேட்டே போ! முப்பது வருஷம் பஸ் ஓட்டி அவருக்குக் காதே போச்சு. நான் என்ன திட்டினாலும் இப்படித்தான் தலையாட்டுவாரு. அதை நம்பியா ஊசி போடறது?"

ஜன்னல் காற்றுக்காக டிரைவர் காலையில்தான் பக்கத்துப் படுக்கைக்காரரோடு இடம் மாறியிருந்தார். சீட்டுகள் மாறவில்லை. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"குத்தலையே, விடு. நீயா போய் வம்பை விலைக்கு வாங்காதே" என்றாள் உடன் வேலை பார்த்தவள். ஆனால் நர்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதித் தலைமை நர்ஸின் மேஜையில் வைத்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் இரண்டு தடவை படித்தாள். "அட்டையைப் பார்க்காதது உன் தப்புதான். அது இருக்கட்டும். இப்படித் தலையாட்டறவங்க இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

மறுநாள் காலை இருவரும் வார்டைச் சுற்றினார்கள். ஒவ்வொருவரிடமும் வேண்டுமென்றே வேறொரு பேரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றாள் தலைமை நர்ஸ். பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் 'ஆமாம்' என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் சிலர். நர்ஸம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிலர்.

அன்றிலிருந்து வார்டில் யாரும் பேரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. நோயாளியே சொல்ல வேண்டும், அட்டையோடு ஒத்துப்போக வேண்டும் என்றானது. கட்டில் மாறினால் சீட்டும் கூடவே மாற வேண்டும். ஒரு மாதத்தில் அதேபோல் ஆள் மாறிப் போட இருந்த இரண்டு ஊசிகள் பிடிபட்டன. அதை எழுதிக் கொடுத்த நர்ஸுகள் யாரையும் தலைமை நர்ஸ் திட்டவில்லை.

மூன்றாம் படுக்கை வாத்தியாருக்கு மட்டும் கோபம். "பத்து நாளா இங்கேயே கிடக்கேன். இன்னுமா என் பேரு மனசுல நிக்கல?"

"நிக்குது சார். இருந்தாலும் நீங்க சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். நர்ஸ் அவர் மணிக்கட்டைத் திருப்பி எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள்.