எழுபத்திரண்டில் இல்லாத ஒன்று

வருகைப் பதிவேடு பதினோரு வருடமாக அவள் கையில் இருந்ததால், தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘ரிஜிஸ்டர் அக்கா’. யார் என்றைக்கு எதற்காக லீவு போட்டார்கள் என்று கேட்டால் ஏட்டைப் புரட்டாமலே சொல்லுவாள். பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிப் புதுத் தகடு வார்க்கிற தொழிற்சாலை அது. மொத்தம் நூற்று நாற்பது பேர். அதில் முப்பத்தொரு பேர் உருக்குக் கூடத்தில். அவளுடைய அண்ணன்தான் அங்கே மூத்த உலைக்காரர்.

அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் அவள் மேஜையில் வழவழப்பான தாள் ஒன்றை வைத்தார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு லேப் வண்டி வருகிறது, எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. தாளில் எழுபத்திரண்டு சோதனைகள் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருந்தன.

“டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிடும்மா. தொழிலாளிக்கு என்ன செஞ்சீங்கன்னு நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது.”

டாக்டரம்மா அந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதலுதவி அறையில் உட்காருவார். தாளை வாங்கிப் படித்தவர், பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். தைராய்டு போனது. வைட்டமின்கள் போயின. மூட்டுவாதம் போனது.

“நிறைய பாத்தா நல்லதுதானே டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

“அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. நல்லா இருக்கிற ஆளோட ரத்தத்துல எழுபத்திரண்டு இடத்துல தோண்டினா, ரெண்டு மூணு இடத்துல கூடக் குறைச்சல் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலும் அது ஒண்ணுமே இல்லாம போகும். ஆனா அந்த ஆள் ஸ்கேன் அது இதுன்னு மூணு மாசம் அலைவார், தூக்கம் போயிடும். கேன்சருக்குன்னு நாலு போட்டிருக்காங்க பாருங்க, அதுவும் அந்த ரகம்தான். நோய் வந்தவங்களுக்கு உதவும், சும்மா இருக்கிறவங்களைக் கலக்கி விடும்.”

கடைசியில் தாளில் நான்குதான் மிஞ்சின: சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், ரத்தசோகை.

“இதுல கோளாறு தெரிஞ்சா நாம உருப்படியா செய்ய வழி இருக்கு. ஒரு டெஸ்ட் வேணுமா வேணாமான்னு நான் பாக்கிறது அவ்வளவுதான்.” சொல்லிக்கொண்டே தாளின் அடியில், மிச்சமிருந்த இடத்தில், கையால் எழுதினார். ‘ரத்தத்தில் ஈயம். உருக்குக் கூடம், உடைக்கிற பகுதி, எல்லோருக்கும்.’

“எழுபத்திரண்டு போட்டவங்க இதை மட்டும் போடலை, கவனிச்சீங்களா?”

அவள் கவனித்திருக்கவில்லை. ஈயம் உடம்பில் ஏறினால் என்ன செய்யும் என்று கேட்டாள். டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். வயிற்றைப் பிடித்து முறுக்குகிற வலி. மலச்சிக்கல். காரணமில்லாத கோபம். நாள்பட்டால் கை தொய்ந்துபோகும். ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார்.

அவள் மனதுக்குள் ஏட்டைப் புரட்டினாள். போன மாதம் உருக்குக் கூடத்திலிருந்து வந்த லீவுச் சீட்டுகள் பதினாறு. அதில் பன்னிரண்டில் காரணம் வயிற்று வலி. எல்லாவற்றையும் அவள்தான் வாங்கி, அவள்தான் எழுதினாள். ‘இவனுங்களுக்கு வயித்து வலியை விட்டா வேற பொய் கிடைக்காதா’ என்று சிரித்தும் இருக்கிறாள். அந்தப் பன்னிரண்டில் மூன்று அண்ணனுடையவை.

“சுத்தமா டைப் பண்ணிக் கொண்டு வாங்க, வியாழக்கிழமை கையெழுத்துப் போடறேன். ஈயத்துக்குத் தனிக் குழாய் வேணும், லேப்புக்கு நானே சொல்லிடறேன். அன்னிக்கு எல்லாரும் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வரணும். தோல்ல இருக்கிற தூசி கலந்தா கணக்கு தப்பாயிடும்.”

மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அவர் குரலை உயர்த்துகிற மனிதரில்லை.

“நாலு போதும்னா நாலு. எனக்கு மிச்சம்தான். அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம்.”

“டாக்டரே கைப்பட எழுதியிருக்காங்க சார்.”

“அவங்க நேத்து வந்தவங்க, நாளைக்குப் போயிடுவாங்க. நாம இங்கேயே கிடக்கிறவங்க. முப்பது பேருக்கு நம்பர் கூட வந்துச்சுன்னு வை, கூடத்தை இழுத்து மூடுவாங்க. அப்புறம் நீ யாருக்கு ரிஜிஸ்டர் எழுதுவே?” கொஞ்சம் நிறுத்தினார். “உங்க அண்ணனும் அங்கதானே இருக்கார். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதம்மா.”

அவள் தன் இடத்துக்கு வந்து டைப் செய்தாள். நான்கு வரி. ஐந்தாவது வரியில் விரல் நின்றது. பிறகு அந்த வரியை அடிக்காமலே தாளை உருவிவிட்டாள். பென்சில் எழுத்துள்ள பழைய தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை வேலை விட்டதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வேலைச் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாலு வயது மகள் அவர் முதுகில் தொங்கிக்கொண்டு சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னே அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

“பதினாலு வருஷமா அந்த உலை முன்னாடி நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்லை. நம்பரு கூட வந்தா முதல்ல என்னைத்தான் தூக்கி பேக்கிங்ல போடுவான். உலைப்படின்னு மாசாமாசம் வர்ற பணம் போயிடும். என் சோத்துல மண்ணைப் போடவா வந்தே?”

“அண்ணா, டெஸ்ட் லிஸ்ட்லயே இல்லை. நான்தான் எடுத்துட்டேன். அதான் வெளியே ஒரு லேப்ல தனியா எடுத்துப் பாத்துடலாம்னு...”

“எடுத்துட்டேல்ல? அப்ப விடு.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “நேத்து தண்ணிச் செம்பு உங்க கையை விட்டு நழுவிச்சே, அதைச் சொல்லுங்க” என்றாள்.

“ஈரக் கை.”

“போன வாரம் சாவி நழுவிச்சு. அது எந்த ஈரம்?” அண்ணி நாத்தனாரிடம் திரும்பினாள். “அந்தத் தூசி துணியில வருமா?”

“வரும் அண்ணி.”

“இவர் சட்டையையும் பாப்பா துணியையும் நான் ஒரே வாளியிலதான் ஊற வைக்கிறேன்.”

அண்ணன் மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய், மகளின் வாயிலிருந்து காலரை விடுவித்தார். குழந்தை சிணுங்கியது. “இறங்கு” என்றார். அது இறங்காமல் இன்னும் இறுகக் கட்டிக்கொண்டது. அண்ணி வந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் முதலுதவி அறை வாசலில் வரிசை நின்றுவிட்டது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் எல்லோருக்கும் சிடுசிடுப்பு. மேனேஜர் வாசலிலேயே நின்றார். அவள் டைப் செய்த தாளை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திறக்கவில்லை.

“கையெழுத்துப் போட்டீங்கன்னா ஆரம்பிச்சிடலாம் டாக்டர்” என்றார் மேனேஜர்.

அப்போது வரிசையில் சலசலப்பு. அண்ணன் குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தது, தண்ணீர் சொட்டியது. முந்தின நாள் வெளியே போனவர் எப்போது திரும்பினார், அண்ணி என்ன சொன்னாள், எதுவும் அவளுக்குத் தெரியாது. நேராக நாற்காலியில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

“ஈயத்துக்கும் சேர்த்து எடுங்க.”

ஊசிக்காரப் பெண் தாளைப் பார்த்தாள். “அது இதுல இல்லையே.”

“என்னண்ணே அது, ஈயத்துக்கு டெஸ்ட்டு?” என்று வரிசையில் ஒருவர் கேட்டார். அண்ணன் தங்கையை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, ‘நீதானே ஆரம்பிச்சே’ என்கிற கோபமும் இருந்தது.

அவள் கைப்பையைத் திறந்தாள். மடித்த தாளை எடுத்து, மேனேஜர் கண் எதிரே, டாக்டரம்மாவின் மேஜையில் விரித்து வைத்தாள்.

“டாக்டர் எழுதினது இதுதான். டைப் பண்றப்ப ஒரு வரியை விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்.”

“அது செல்லாது” என்றார் மேனேஜர். “பென்சில் கிறுக்கல்.”

டாக்டரம்மா பேனாவைத் திறந்து, அந்தக் கிறுக்கலுக்கு அடியிலேயே கையெழுத்துப் போட்டார். “இப்ப செல்லும். உருக்குக் கூடத்து ஆளுங்க, உடைக்கிற பகுதி ஆளுங்க எல்லாரும் போய்க் கை கழுவிட்டு வாங்க.”

மேனேஜர் அவளைப் பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். குழாயடியில் ஒரே ஒரு சோப்புதான் இருந்தது. அது கைமாறிக் கைமாறித் தேய்ந்துகொண்டே போனதை அவள் நின்று பார்த்தாள்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. பெரியவர்களுக்கே ரத்தத்தில் ஈயத்தின் அளவு ஐந்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. உருக்குக் கூடத்தில் இருபதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அண்ணனுக்கு அறுபத்து நாலு. தனியாக அழைத்துப்போய் எடுத்ததில் குழந்தைக்குப் பதினாலு.

அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். டாக்டரம்மா முடிவுகளைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார். கூடம் ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. புகையை இழுக்கும் குழாய்களும், குளித்து உடை மாற்ற ஓர் அறையும் வந்த பிறகுதான் திறந்தது. அந்த ஐந்து வாரமும் அவளை ஏசாதவர் குறைவு. பதிவேட்டை அவளிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அவளைக் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணப் போட்டார்கள். அண்ணனுக்கு அவர் பயந்தபடியே பேக்கிங்தான். உலைப்படியும் போனது. தங்கையோடு அவர் பேசவில்லை. எதிரே வந்தால் பாதை மாறிப் போனார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் சோதனையின் முடிவு வந்த அன்று, முதலுதவி அறைக்கு அண்ணி அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் ஏற்கெனவே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா தாளைப் பிரித்து, “உங்களுக்கு நல்லா இறங்கியிருக்கு” என்று ஆரம்பித்தார்.

“என்னுது கிடக்கட்டும். பாப்பாவோடதைச் சொல்லுங்க.”

“எட்டு. இன்னும் இறங்கணும். ஆனா இறங்கிட்டுதான் இருக்கு.”

அண்ணன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, கதவோரம் நின்றிருந்த தங்கையைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.