உடையாத வளையல்

கண்ணை மூடித் திறப்பதற்குள்ளாகவா? இல்லை, கண்ணை மூடவே இல்லையே. பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருந்தது இல்லாமல் போயிற்று. கையகலத்துக்கு ஒரு நெருப்பு, 'சொய்'யென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாம்பல்கூட மிஞ்சவில்லை. இது பாவாயி கையில் இருந்திருந்தால்?

சென்னியம்மாள் அந்த நினைப்பை அதற்குமேல் போகவிடாமல் நிறுத்தினாள். வலது கையின் இரண்டு விரல்களைப் பழைய சோற்றுத் தண்ணீரில் முக்கியபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விடிந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. வாசலில் வண்டி பூட்டும் சத்தம் கேட்டது. இன்று அவளுடைய மூன்று வயது மகள் பாவாயிக்குக் கருப்பணார் கோயிலில் காதுகுத்து.

எரிந்துபோனது தாய்மாமன் சீர் வளையல். அவளுடைய அண்ணன் வெள்ளியங்கிரி சேலத்துச் சின்னக்கடை வீதியில் வாங்கி, நேற்று மாலை பஸ்ஸில் நாமகிரிப்பேட்டை வந்து, அங்கிருந்து வண்டி வைத்துக்கொண்டு கொண்டுவந்தது. கைக்கு ஆறாகப் பன்னிரண்டு, ரோஜா நிறம், ஒவ்வொன்றிலும் பொன்நிறப் புள்ளிகள். ஜப்பான் வளையல். கல்லில் போட்டாலும் உடையாது.

குழந்தை கைக்கு அது கொஞ்சம் பெரிதாக இருந்தது. "லேசாச் சூடு காட்டினா அமுக்கிச் சின்னதாப் பண்ணிக்கலாமுன்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்று அண்ணன் பெண்டாட்டி சௌந்திரம் சொல்லியிருந்தாள். கடைக்காரர் சொன்னது வெந்நீரையாக இருக்கும். சென்னியம்மாளுக்கு அது தோன்றவில்லை. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் கங்கில் வைத்து வளைப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்குச் சூடு என்றால் அடுப்புத்தான். எல்லாரும் எழுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து, தணலுக்கு ஒரு சாண் மேலேதான் பிடித்தாள். தணல் அதைத் தொடக்கூட இல்லை.

"பொட்டியில பதினொண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க புள்ள?"

கேட்டது அவள் புருஷனின் அக்காள் மாரக்காள். அந்த வீட்டின் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். வளையல் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

சென்னியம்மாள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டினாள். கொப்புளம் இரண்டு எழும்பியிருந்தது. நடந்ததைச் சொன்னாள்.

மாரக்காள் கையைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "சீரு வளையலயா அடுப்புல காட்டினே? அடிப் பாவி! வெளிய மூச்சு உடாத. பொறந்த ஊட்டுச் சீரக் கொளுத்தினவன்னு பேராயிரும். அஞ்சும் அஞ்சுமாப் போட்டுக்கலாம், ஒண்ண நான் ஒளிச்சு வெக்கறேன்."

"அதில்லீங்க நங்கையா. பாப்பாவுக்கு இதப் போடவே வேண்டாமுங்க. அங்க கற்பூரம் ஒத்தோணுமில்லீங்களா?"

அந்தக் குலத்தில் அது ஒரு முறை. காது குத்திய குழந்தையை மாமன் மடியிலேயே வைத்து, அவன் கையாலேயே வளையல் பூட்டி, பூசாரி கொண்டுவரும் கற்பூரத்தட்டின்மேல் குழந்தை தன் இரண்டு கையையும் நீட்டி ஒற்றிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் ஒற்றி அதன் கண்ணில் வைக்கக் கூடாது. கையில் மாமன் வளையல் இருந்தால்தான் அந்த ஒற்றல் செல்லும்.

"அடுப்புல காட்டினா எதுதான் வேகாது? நீ கட்டியிருக்கற சேலையுந்தான் வேகும். அதுக்குன்னு கட்டாமயா சுத்தறே?" என்றாள் மாரக்காள். "வளையலு பத்திக்குதாம்! வெளிய சொன்னா வாயில சிரிக்க மாட்டாங்க."

மாரக்காள் போன பிறகு சென்னியம்மாள் அந்தக் கேள்வியையே புரட்டிக்கொண்டிருந்தாள். சேலையும் வேகும், நியாயம்தான். சேலை நுனியில் பொறி பட்டு அவளே இரண்டு தடவை கசக்கி அணைத்திருக்கிறாள். பொறி பட்டதும் சேலை புகையும், நாறும், நம்மைக் கூப்பிடும். இது கூப்பிடவில்லை. கையை உதறலாம் என்று அவள் நினைத்தபோது உதறுவதற்கு எதுவும் இல்லை. பெரியவளுடைய விரல் நுனியில் நடந்தது இது. குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து ஐந்தாக இருந்தால், யார் கழற்றுவார்கள், எப்போது கழற்றுவார்கள்?

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி பந்தக்காலில் சாய்ந்துகொண்டு, ஒரு வளையலை வேட்டியில் அழுத்தித் தேய்த்து, பங்காளிகளின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தான்.

"மோந்து பாருங்க மாமா. என்ன வாசம்?"

"அட, கற்பூரமல்லோ!"

"கற்பூரம் போட்டுத்தான் பண்ணறானாம். கடைக்காரன் சத்தியம் பண்ணிச் சொல்றான். கோயிலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது பாருங்க."

வயதான மாரியப்பக் கவுண்டர் அந்த வளையலை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "சாமி சாமானாட்ட இருக்குதப்பா. இதுக்குத்தான் மச்சானெல்லாம் டவுனுக்குப் போய் வரோணுங்கறது!"

எல்லாரும் சிரித்தார்கள். சென்னியம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கற்பூரம் எதற்கு ஆகும் என்று அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஈரக் கையால் வைத்தாலும் பற்றிக்கொள்ளும், காற்றடித்தாலும் நின்று எரியும், எரிந்தபின் ஒன்றும் மிஞ்சாது. தெரிந்தும், கையில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரிக்கிறார்கள். நல்ல வாசனை ஒன்றிலிருந்து கெட்டது வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விரல் எரியாதிருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் அவளைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் பல்லாக வந்தான். "அம்மிணி, பாப்பாளுக்கு வளையல் புடிச்சிருக்குதா? கண்ணாடி வளையலே இனி வேண்டாம். போன நோம்பிக்கு விழுந்து கையக் கிழிச்சுக்கிட்டாளாமே, ஆரோ சொன்னாங்க. அன்னிக்கே நெனச்சேன், உடையாத வளையலாப் பாத்து வாங்கோணும்னு."

அந்த நோம்பிப் பண்டிகையின்போது அவன் இந்த வீட்டு வாசற்படி மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்யாணத்தில் யாருக்கு முதலில் வெற்றிலைத் தட்டு நீட்டினார்கள் என்று தொடங்கிய மனத்தாங்கல். அவள் புருஷன் அப்புசாமியும் அண்ணனும் எதிரெதிரே வந்தால் வேறு தடத்தில் போனார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பெரியவர்கள் உட்காரவைத்துப் பேசி, காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் அவன் எங்கோ இருந்துகொண்டு குழந்தையின் கையில் கண்ணாடி குத்தியதைக் கேட்டு வைத்திருக்கிறான். அந்தச் சின்னத் தழும்புக்காக இந்த வளையல்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அண்ணனுடைய சிரிப்பைப் பார்த்ததும் வேறு ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இரண்டு வருஷம் வராமல் இருந்தவன்மேல் உள்ளே எங்காவது ஒரு கசப்புக் கிடக்கிறதா? அதுதான் இந்த வளையலைச் சாக்காகப் பிடித்துக்கொள்கிறதா? அவள் தன்னையே துழாவிப் பார்த்தாள். கசப்பு இருக்கத்தான் செய்தது. இல்லை என்று பொய் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"புடிச்சிருக்குதுங்கண்ணா" என்றாள்.

வண்டி போதமலைப் பக்கம் திரும்பி, கடலைக் காட்டு வரப்பை ஒட்டிப் போயிற்று. அப்புசாமி வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். மற்றவர்கள் முன்னால் போன வண்டியில் இருந்தார்கள். அவள் வண்டியோரத்து முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். விரலைக் காட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான். முகம் மாறத்தான் செய்தது.

"மருந்து ஏதாச்சும் போட்டியா?"

"எனக்கென்னுங்க. புள்ளைக்கு…"

"சரி, ஒத்தறப்பத் தட்டக் கொஞ்சம் எறக்கிப் புடிக்கச் சொல்லலாம்."

"காத்தடிச்சா நெருப்பு மேல வருமுங்க."

"அப்பறம் என்ன பண்ணச் சொல்றே? உங்கண்ணங்கிட்டப் போய், உம்பட சீரு வேண்டாமுன்னு நான் சொல்லட்டா? மூணு மாசந்தான் ஆச்சு பேச்சு வந்து. நாஞ் சொன்னா, வேணும்னே அவமானம் பண்ணறான்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருவான். நீ சொன்னா இன்னும் மோசம்." நாலு எட்டு நடந்துவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னான்: "ஒரு நொடி. ஒத்தி எடுத்தாத் தீந்துச்சு. பேசாம இரு."

வளையல் எரியவும் ஒரு நொடிதான் வேண்டியிருந்தது. மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை, மாட்டு மணிச் சத்தத்துக்கு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்தது.

கருப்பணார் கோயிலில் கூரை கிடையாது. வேப்பமரமும், நட்ட வேலும், கல்லும்தான். மலைப்பக்கத்துக் காற்று தடையில்லாமல் வந்தது. அண்ணன் சம்மணமிட்டு உட்கார, பாவாயியை அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி காதைக் குத்தியபோது குழந்தை மூச்சு அடைத்துக் கத்திற்று. அண்ணனின் கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது காதும் முடிந்ததும், "அழாத சாமி, அழாத தங்கம்" என்று அவன் திணறிக்கொண்டிருக்க, குழந்தை தாயைப் பார்த்துத் தாவியது. சென்னியம்மாள் எடுத்துக்கொண்டாள்.

சூடான சின்ன உடம்பு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இந்த உடம்பை இறக்கிக் கொடுக்க வேண்டியது அடுத்த வேலை.

பூசாரி தட்டில் கற்பூரத்தைக் குவித்துப் பற்றவைத்தார். சுடர் காற்றில் படுத்தது, எழுந்தது, ஒரு முழம் தாவி வேலைத் தொடுவதுபோலப் போய் மீண்டும் தட்டில் விழுந்தது. வெள்ளியங்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தான்.

"கொண்டா அம்மிணி. வளையல் பூட்டோணும்."

அவள் நகரவில்லை.

"ஏம் புள்ள, நேரமாகுதல்லோ" என்றாள் மாரக்காள். அவள் பார்வை, வாயைத் திறக்காதே என்று சொன்னது.

"அண்ணா, அந்த வளையல நாந் தணலுகிட்டக் காட்டினேனுங்க. ஒண்ணு பத்திக்கிட்டுப் போயிருச்சு" என்று சென்னியம்மாள் சொன்னாள். குரல் எழும்பாமல் வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "படக்குனு போயிருச்சு. ஒதறக்கூட முடியல. கையப் பாருங்க. பாப்பாவுக்குக் கற்பூரத்துக்கு மேல அது வேண்டாமுங்க. வளையலப் போடறதுன்னா, கற்பூரம் வேண்டாம். கற்பூரம் ஒத்தறதுன்னா, வளையல் வேண்டாம், எடுத்து வெச்சுக்கறேன்."

சௌந்திரம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "சீரு வளையலயா? நெருப்புலயா?"

"எரியாதுன்னு நெனச்சுத்தான் காட்டினேனுங்க நங்கையா. சந்தேகமிருந்தா இன்னொண்ண அந்தத் தட்டுல போட்டுப் பாருங்க."

"சாமி முன்னால சீரக் கொளுத்தறதா!" மாரியப்பக் கவுண்டர் தடியைத் தரையில் ஊன்றினார். "ஏனப்பா அப்புசாமி, உம்பட ஊட்டுல பேசற பேச்சா இது?"

அப்புசாமி வேப்பமரத்தைப் பார்த்தான். அண்ணனின் கை தானாகவே பெட்டியின்மேல் மூடிக்கொண்டது, யாரோ பிடுங்க வருவதுபோல. அதைப் பார்த்ததும் சென்னியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. நிரூபிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது இவர்களுக்கு எரிவதைவிடப் பெரிய கேடு. இனி யாரும் அதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. தான் பார்த்தது தன்னோடுதான் இருக்கும்.

"எம்மேல இன்னும் கோவம் போகலயா அம்மிணி?" என்றான் வெள்ளியங்கிரி. அதட்டலாக இல்லை, அடிபட்டவன் கேட்பதுபோல இருந்தது.

"இருக்குதுங்கண்ணா" என்று அவள் உண்மையைச் சொன்னாள். "இது அதில்ல."

அவன் பெட்டியிலிருந்து வளையல்களை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்கினான். மறுபடியும் பேசியபோது, ஊரை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னான்.

"எரியும்னே வெச்சுக்கலாம். நீ சொல்றது நெசம்னே வெச்சுக்கலாம். எம் மடியிலதான இருக்கப்போறா? ரெண்டு கையையும் நாம் புடிச்சுக்கறேன். எங்கையில இருக்கறப்ப உம் புள்ளைக்கு ஒண்ணு ஆக உடுவனா? என்னைய நம்பமாட்டியா?"

இதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. அவன் பிடிப்பான். உயிரைக் கொடுத்தாவது பிடிப்பான். சின்ன வயதில் ஓடையில் வெள்ளம் வந்தபோது அவளைத் தோளில் தூக்கிக் கரையேற்றிய கைதான் அது. தண்ணீர் இழுக்கும்போது பலமுள்ளவன் நின்று பிடிக்கலாம். இதில் எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது? பிடித்த கையும் சேர்ந்து வேகும், அவ்வளவுதான். அன்பு குறைவாக இருந்து வருகிற ஆபத்தாக இருந்தால், நம்புகிறேன் என்று சொல்லிவிடலாமே.

"நம்பறேனுங்க" என்றாள்.

"அப்பறம் கொண்டா."

கற்பூரம் பாதிக்குமேல் எரிந்துவிட்டது. பூசாரி இன்னும் இரண்டு கட்டியைப் போட்டார். சுடர் குப்பென்று உயர்ந்தது. அப்புசாமி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, "குடுத்துரு புள்ள" என்று முணுமுணுத்தான். அண்ணன் எழுந்து வந்து, ரோஜா நிறம் அடுக்கிய ஒரு கையும் வெறும் கையுமாக இரண்டையும் குழந்தைக்கு நீட்டினான். பாவாயி அழுகையை நிறுத்திவிட்டு, பளபளப்பைப் பார்த்து அவனிடம் சாய்ந்தாள்.

சென்னியம்மாள் குழந்தை நீட்டிய கையை மெல்ல மடக்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்கண்ணா" என்றாள். "குடுக்கல."