எழுபது திகையணும்

"அம்மே, ஈ ஆதாரில் சாருக்கு அறுபத்தொன்பதாக்கும்," என்றாள் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்த ஸுப்ரியா. பாதி தமிழ், பாதி மலையாளம்.

கனகாம்பாளுக்குச் சிரிப்புதான் வந்தது. "சரியா நோக்கு குட்டி. எங்காத்து மாமாவுக்கு எழுபது. சித்திரையில் பீமரத சாந்தி கழிச்சாச்சு. மட்டாஞ்சேரியே வந்து பாயசம் குடிச்சுட்டுப் போச்சு."

"சாந்தியோ? அது எந்தா?"

"எழுபது பிறந்தா ஹோமம் பண்ணுவோம். ஆயுசுக்கு."

"பிறந்நால் போரா அம்மே. திகையணும்."

திகைவது என்றால் இந்த ஊரில் நிறைவது. கனகாம்பாள் தமிழில் திகைத்து நின்றாள். அறுபத்தொன்பது முடிந்து எழுபது தொடங்கும் நட்சத்திரத்தில்தானே அந்த ஹோமம்! அன்று முதல் வீட்டில் வெங்கிடாசலத்துக்கு எழுபது வயது. சர்க்காருக்கு அது அடுத்த சித்திரையில்தான் ஆகும்.

"எட்டு மாசம் கழிஞ்சு வரூ. எழுபது திகைஞ்சவர்க்கு சர்க்கார் இன்ஷூரன்ஸ் கார்டு தரும். வருமானம் ஒண்ணும் கேட்கில்லா. ஆபரேஷன் ஃப்ரீ."

"ஆறு வாரத்துக்குள்ள ஹார்ட் வால்வு மாத்தணும்னு டாக்டர் எங்கிட்டச் சொல்லியிருக்கார், குட்டி."

ஸுப்ரியா ஆதாரைத் திருப்பிக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் சம்மதிக்காது என்றாள்.

கனகாம்பாள் வராந்தாவுக்கு வந்து நிகிலுக்குப் போன் போட்டாள். அவர்கள் தெருக்காரன், மெடிக்கல் பாலிசி ஏஜண்டு. பன்னிரண்டு வருஷம் அவனிடம்தான் கட்டினார்கள். இந்தத் தடவை பிரீமியம் ஏறக்குறைய இரட்டிப்பாகி வந்தபோது, "சர்க்கார் சும்மா தரச்சே உனக்கு எதுக்குடா அழணும்?" என்று அவனை வாசலோடு அனுப்பியதும் அவள்தான்.

"மாமி, அன்னிக்கே கேட்டேனே, ஜனனத் தேதி நோக்கினேளான்னு."

"கேட்டாய். 'மாமாவோட எழுபதுக்கு மூணு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சது ஓர்மையில்லையோ'ன்னு கேலி பண்ணினேன். இப்போ கட்டறேண்டா, நீ சொன்ன தொகையையே."

"கெடு போயாச்சு மாமி. புதுசாத்தான் எடுக்கணும். முன்னமே இருக்கற சீக்குக்கு மூணு வருஷம் காத்திருக்கணும்பா. அதுவும் இந்த ஸ்கேனைக் கண்டா எடுக்கவே மாட்டா."

"ஒரு வழியும் இல்லையா?"

"கைக்காசுதான்."

இருப்பது கோயில் வகை வீடு, விற்க முடியாது. திருப்பூணித்துறையில் மகள் ஸாதனா ஏற்கெனவே நகையை வைத்துத்தான் அப்பாவை அட்மிட் பண்ணியிருந்தாள். கனகாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

வெங்கிடாசலம் தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும்.

"கார்டு ஆச்சா?"

"ஆகலை. உங்களுக்கு அறுபத்தொன்பதுதானாம்."

"பேஷ்! கல்யாணத்தப்போ உங்கப்பா என் வயசைக் கூட்டிச் சொன்னார்னு சண்டை போட்டேனே, இப்பவாவது ஒருத்தர் குறைச்சாளே." சிரிக்கப் போய் இருமினார். அவள் முதுகைத் தடவினாள். அடங்க நேரமாயிற்று.

"பாலிசியை நான்தான் விட்டேன். அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்."

"நானும்தானே தலையாட்டினேன். அழாதேடீ, அந்தக் கட்டில்காரன் பார்க்கறான். டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கார்?"

"சீக்கிரம் பண்ணணும்னார்."

"அவ்வளவுதானே? வீட்டுக்குப் போலாம். உப்பில்லாம தின்னுண்டு, மாடி ஏறாம கிடக்கறேன். சித்திரை என்ன, காத தூரத்திலயா இருக்கு?"

நர்ஸ் வந்து, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கட்டுமா, வீட்டுக்கு எழுதிக்கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கனகாம்பாள் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "வீட்டுக்கு, மோளே. சித்திரையில் வரோம்."

பிறகு விரலை மடக்கத் தொடங்கினார். "ஆவணி, புரட்டாசி, ஐப்பசி..."

டாக்டர் சொன்ன ஆறு வாரம் புரட்டாசியோடு சரி; அதற்கு மேல் அவள் காதில் விழவில்லை. அவர் பங்குனிவரைக்கும் எண்ணி முடிக்கட்டும் என்று, மாற்றுவேட்டியை மடித்துப் பையில் வைத்தாள்.