சோப்புக் கிண்ணத்துக்கு மூக்கு வைத்தவர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர் என் சித்தப்பா. பைக்குள் ஒரு பழைய வெள்ளிக் குவளை.

"யாரு செஞ்சது, எதுக்குச் செஞ்சதுன்னு மட்டும் கேட்டுட்டு வாம்மா. உங்க சித்தி கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னு இழுத்தடிச்சிட்டேன்."

சித்தி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

(முதலில் எழுதிய தொடக்கம்: "அந்தக் குவளையின் வெண்மையில் ஒரு நூற்றாண்டின் மௌனம் உறைந்து—" நல்லவேளை, அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அணைத்துவிட்டு வந்து படித்தால் எனக்கே சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

2

சித்தப்பா ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர். கதாபாத்திரமாக வைத்துக்கொள்ள ரொம்பத் தொல்லையான ஆள். ஏனென்றால் நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் அவர்தான். பொய்யான இடத்தைக் கண்டால் ஓரத்தில் "நடக்காது" என்று எழுதி வைப்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி.

சித்திக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, டம்ளரில் கொடுத்தால் பாதி கழுத்தில் வழியும். மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பை வாங்கி வந்தார். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று குழறலாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார் சித்தி. பிறந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த இந்தக் குவளை அலமாரியில் பென்சில்களைச் சுமந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் காட்டினார். "சாகப்போற நேரத்துலயாவது வெள்ளியில குடிக்கிறேனே."

சித்தப்பா அதைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பக்கத்தில் துளையிட்டு, பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை மூக்காக வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தார்.

"ஏரியல் நல்லா இருக்கு. பாட்டு வருமா?" என்றார் சித்தி. (இதை நான் கற்பனை செய்யவில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.) அன்றிலிருந்து மூன்று வருடம் அந்தக் குவளைதான். பால் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆரஞ்சுச் சாறு என்றால் மடக் மடக்கென்று உள்ளே போகும்.

3

பழைய வெள்ளிச் சாமான் வாங்கி விற்கும் கடை. முதலாளியம்மா என்னை உட்காரச் சொல்லாமலே குவளையைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். அடியில் சின்ன முட்டை வடிவத்துக்குள் இரண்டு எழுத்து.

"இந்த முத்திரை எனக்குத் தெரியும். பயணம் போற ஆம்பிளைங்களுக்கு, சீப்பு கண்ணாடியெல்லாம் வைக்கிற அலங்காரப் பெட்டி செஞ்ச பட்டறை. உள்ளே பாருங்க, சுத்தி ஒரு படி மாதிரி இருக்குல்ல? அதுமேல ஓட்டை போட்ட தட்டு உக்காரும். அதுக்கு மேல சோப்பு."

"என்ன சோப்பு?"

"ஷேவிங் சோப்புதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சித்தி இருந்திருந்தால் அந்த வாரம் முழுக்கச் சித்தப்பாவை ஓட்டியிருப்பார்.

அப்போது அந்தம்மா குவளையின் வயிற்றில் 'ஹா' என்று வாயால் ஊதினார். வெள்ளியில் எங்கே பற்றவைத்திருந்தாலும் மூச்சுப்பட்டால் தெரிந்துவிடுமாம். ஆவி படிந்தது. மூக்கைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம்.

"ரேடியோவுக்குப் பத்தவைக்கிற சால்டர் ஈயமா இது? பாதிக்குப் பாதி காரீயம். இதுல யாராவது குடிச்சாங்களா?"

தலையாட்டினேன்.

"புளிப்பா ஏதாவது? புளிப்பு பட்டா காரீயம் கரையும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வெள்ளி பாக்கிறவ, டாக்டர் இல்ல" என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

4

காரீயம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்த டாக்டரிடம், கதைக்காக என்று சொல்லிக் கேட்டேன்.

"கதையில அந்தம்மாவுக்கு வயித்துவலி இருந்துச்சா?"

"கடைசி வருஷம் இருந்தது."

"அப்போ அதனால இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். படுத்த படுக்கையா இருந்தா வயித்துவலிக்கு நூறு காரணம்."

சித்தப்பாவுக்குப் போன் செய்து பாதியைச் சொன்னேன். சோப்புக் கிண்ணம் என்றதும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, என் வேலையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ஒழுகலையேன்னு ஆச்சரியப்பட்டாங்க சித்தப்பா." அப்படிக் கடை முதலாளியம்மா சொல்லவே இல்லை.

"ஒழுகாது. மூணு வருஷம், ஒரு சொட்டு ஒழுகல."

5

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள்.

அ) காரீயத்தை அடித்துவிட்டு வெள்ளீயம் என்று எழுதுவது. வெள்ளீயத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கதையும் ஒரு சோப்புக் கிண்ணத் தமாஷாக முடிந்துவிடும். ஆனால் சால்டரைப் பற்றி நான் பொய் எழுதி, அவர் "நடக்காது" போடாமல் விடுவாரா?

ஆ) கதையைக் கிழித்துப் போடுவது. இதற்குத்தான் என் மனம் ஏங்குகிறது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இ) உள்ளதை உள்ளபடி எழுதி அவரிடமே கொடுப்பது. வாழ்நாள் முழுக்கப் பற்றவைத்த மனிதருக்குத் தன் கையில் இருந்தது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? ஒருவேளை சித்தி போன பிறகுதான் அது உறைத்ததோ? யார் செய்தது, எதற்குச் செய்தது என்று கேட்டு அனுப்பியதே, வேறொருவர் வாயால் இதைக் கேட்டுவிடத்தானோ? அப்படியென்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது இரக்கமில்லை. அவரை அதோடு தனியாக விட்டுவிட்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

6

குவளையை வாங்கிப் போக வந்துவிட்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "என்னமோ எழுதறியாமே, குடு பாக்கலாம்" என்றார். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் கொடுத்தேன். மீதித் தாள்கள் என் மடியில். மேசை முன்னால் உட்கார்ந்தபடி, எழுதிக்கொண்டே அவரைப் பார்க்கிறேன்.

ஓர் இடத்தில் சிரித்தார். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எங்கேயும் எதுவும் குறிக்கவில்லை.

படித்து முடித்துவிட்டார். தலை நிமிராமலே அடுத்த தாளுக்காகக் கையை நீட்டுகிறார்.

நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். கொடுக்கட்டுமா?