கண்டக்டர் மணி அடிக்கவில்லை

அப்பாவின் கட்டிலைச் சுற்றி அன்று காலை நால்வர் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில். கணக்கு டீச்சர் பீரோவில் சாய்ந்து பாயில். முழங்கால் மடங்காத டெய்லர் கதவருகே முக்காலியில். மகள் கால்மாட்டில், வெறுந்தரையில். எல்லாருடைய கண்களும் மூடியிருந்தன.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைத் தியானக் குழுவில் மணி அடித்து முடித்துவைப்பது அவர் வேலை. "கண்டக்டர் மணி அடிக்காம யாரும் எறங்கக்கூடாதுப்பா" என்று டெய்லர் கிண்டல் செய்வார். அவர் படுக்கையில் விழுந்த பிறகு குழு வீட்டுக்கே வந்தது; படுத்தபடியே அவர்தான் மணி அடித்தார்.

அன்று ஒரு மணி நேரம் கடந்தும் மணி அடிக்கவில்லை. யாரும் இறங்கவில்லை.

கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் எழுந்து நாடி பார்த்தார். "அம்மாடி, அப்பா போயிட்டாரும்மா."

மகள் அழவில்லை. அப்பாவின் மார்பு வரை போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான் பாத்தேன்" என்றாள். "நடுவுல கண்ணைத் தொறந்தேன். மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாம மறுபடி கண்ணை மூடிக்கிட்டேன். என்னாலதான்."

புத்தரின் போதனையில் அப்பா இறுகப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: எந்த விளைவும் ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை. அதனால் குழுவில் ஒரு பழக்கம். யாராவது "என்னாலதான்" என்று சொன்னால் மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சேர்க்க வேண்டும். தேற்றுவதற்காகப் பொய் சொல்லக்கூடாது. வழக்கமாக அது பால் பொங்கி வழிந்தது, பஸ்ஸைத் தவறவிட்டது என்ற அளவில் நின்றுவிடும்.

டெய்லர் தொண்டையைச் செருமினார். "சத்தம் மாறினது என் காதுலயும் விழுந்துச்சு. நானும் வாயைத் தொறக்கல."

"இங்கயே வந்து உக்காரலாம்னு சொன்னவ நான்" என்றார் டீச்சர்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடமாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்தவன் நான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "போதாததுக்கு மனுஷன் சரியான பிடிவாதக்காரர். அதையும் சேத்துக்கோ."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. டீச்சர் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் போய் ஆறு வருஷம். செய்தியைச் சொல்ல அவள் கணவன் போன் செய்தபோது, "ஆஸ்பத்திரியில ஏன் சேக்கல? அவ பதில் சொல்லட்டும்" என்று அண்ணன் போனை வைத்துவிட்டான், அடக்கத்துக்கும் வரவில்லை. இருப்பது அந்த ஒரு கூடப்பிறப்பு. உண்மையை எழுதினால் அதுவும் அறுந்துபோகலாம். மறைத்தாலோ, இனி அவனுக்கு ஒவ்வொரு வரியையும் யோசித்து யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

எண் போட்டு எழுதினாள். ஒன்று, தான் பார்த்தும் கூப்பிடாதது. அதை முதலில் எழுதினாள். இரண்டு, மூன்று, நான்கு, மற்றவர்கள் சொன்னவை. ஐந்து, அப்பாவின் பிடிவாதம். ஆறு என்று போட்டதும் பேனா நின்றது. படுத்த நாளிலிருந்து வாசலில் சத்தம் கேட்டால் அப்பா "அவனா?" என்றுதான் கேட்டார்.

ஆறை அடித்தாள். அடித்தது தெரியாதபடி அந்தத் தாளையே மாற்றி, முதலிலிருந்து எழுதினாள். ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, "வேளாவேளைக்குச் சாப்பிடு, அண்ணா" என்று முடித்தாள்.

உறையை ஒட்டி, விளிம்பை இரண்டு முறை நகத்தால் நீவி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள். தபால் எடுக்கும் நேரம் பதினொன்றரை என்று பெட்டியில் எழுதியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எதிர்க்கடைப் படியில், தபால்காரர் சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் பையில் கொட்டிக்கொண்டு திருப்பத்தில் மறையும்வரை, கடிதத்தைத் திரும்பக் கேட்க எழாமல் உட்கார்ந்திருந்தாள்.