அப்ராவின் பெயருக்கு முன்னால்

அந்த ஒரு சொல்லை நஸ்லியா பதினொரு தடவை பதிவுசெய்தாள். முதல் தடவை வீதியில் ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்துக் கெடுத்தது. இரண்டாம் தடவை மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தார்கள். கடைசியில் பழைய ஃபைல்கள் அடுக்கிக் கிடந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, போனை வாயருகே பிடித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "மர்ஹூமா." அதற்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு விளக்கமும் வைத்தாள். 'ஹூ' தொண்டைக்கு அடியிலிருந்து வரவேண்டும் சேர், சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள், இறந்தவர்களின் பெயரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அரை மணித்தியாலத்தில் கொழும்பிலிருந்து பணிப்பாளர் நாயகத்தின் குரல் திரும்பி வந்தது. சொல் பிசகாமல் வந்திருந்தது. நஸ்லியாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் அந்தப் பெரிய நூதனசாலை நிறுவனம் கல்முனைக் கரையில் புதிதாகத் திறக்கும் கிளையில் அவள் கனிஷ்ட உரை எழுத்தாளர். பதிப்பாசிரியரும் அவளேதான், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதிரை. உரை எழுத்தாளர் என்றால் என்னவென்று சாய்ந்தமருதில் அவளுடைய உம்மா அயலவருக்கு விளங்கப்படுத்திப் பார்த்துக் களைத்து, "ஒபிஸ் வேலைதான்" என்று முடித்துவிட்டார். அடுத்தவர் வாய்க்குச் சொல் கொடுக்கும் வேலையை வேறு எப்படித்தான் சொல்வது? பணிப்பாளர் நாயகத்துக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும், மேடையேறி வணக்கத்தையும் ஸலாமையும் சிந்திவிட்டு மிச்சத்தை ஆங்கிலத்தில் ஓட்டுகிற ஆள் அல்ல அவர். திறப்புவிழா உரை முழுவதையும் தமிழிலேயே பேசுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நஸ்லியா தமிழில் எழுதி, அதை ஆங்கில எழுத்தில் பெயர்த்து, வரிவரியாகத் தன் குரலில் பதிந்து அனுப்புவாள். அவர் வாகனத்தில் வரும்போதும் போகும்போதும் அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகுவார். அவருக்கு அவ்வளவு பணிவு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சொல்லை உரைக்குள் கொண்டுவந்தவளும் நஸ்லியாதான். கடல் கொண்டுபோனவர்களுக்கென்று ஒரு கூடம். அதன் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் தேர்ச்சி அறிக்கை. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, தரம் இரண்டு, மூன்றாம் தவணை. கணிதம் தொண்ணூற்றிரண்டு, சித்திரம் நாற்பத்தைந்து. அடியில் ஆசிரியையின் சாய்ந்த எழுத்தில், 'தரம் மூன்றுக்கு வகுப்பேற்றப்பட்டுள்ளார்.' தலைமைக் காரியாலயம் அனுப்பிய பட்டியலில் தகப்பன் முத்தலிப்பும் மகள் பாத்திமா அப்ராவும் வெறும் பெயராக இருந்தார்கள். "எங்கட ஆக்கள்ட பேர மொட்டையாப் போட்டா மரியாதையில்ல சேர்" என்று நஸ்லியா தன் மேலதிகாரி கனகரெத்தினத்துடன் இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். இந்த மாதிரி விஷயம் தெரிந்தவள் என்றுதானே அவளை வேலைக்கு எடுத்தார்கள். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். கூடத்திலிருந்த நூற்றுப் பதினேழு முஸ்லிம் பெயர்களுக்கு முன்னாலும், ஒன்று விடாமல், இறந்த ஆணுக்கு மர்ஹூம் என்றும் பெண்ணுக்கு மர்ஹூமா என்றும் அவள் தன் கையாலேயே தட்டச்சு செய்தாள்.

வியாழக்கிழமை காலை, அழைப்பிதழையும் விழாக் கையேட்டில் ஒரு பிரதியையும் எடுத்துக்கொண்டு அப்ராவின் உம்மா சுபைறாவிடம் போனாள். அறிக்கையைக் கேட்டு வாங்கி வந்தவன் இஹ்ஸான் என்ற சேகரிப்பு உத்தியோகத்தன், இப்போது வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டான். சுபைறாவை நஸ்லியா பார்ப்பது அதுதான் முதல் தடவை. வீட்டுத்திட்டத்தில் இரண்டாம் மாடி. கண்ணில் படர்ந்த வெள்ளையைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது என்பதால் அவர் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"இரிங்க மகள், இரிங்க. பிளேன்டி ஊத்துறன்" என்றவர், அடுப்படியில் நின்றபடியே கேட்டார்: "எவ்வளவு சனம் வரும்?"

"திறப்புவிழாக்கு முன்னூறு பேர் வருவாங்க மாமி. மறுகா ஒவ்வொரு நாளும் வருவாங்க. பள்ளிக்கூடப் புள்ளையள் பஸ் புடிச்சு வருவாங்க."

"தூர ஊர்ல இருந்தும்?"

"ஓம் மாமி. எல்லா ஊர்ல இருந்தும்."

சுபைறா கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "அந்தத் தம்பியும் அப்புடித்தான் சொன்னார். அதக் கேட்டுப் போட்டுத்தான் குடுத்தன். இல்லாட்டிக் குடுப்பனா? என்ட மகளுக்கு இப்ப இருபத்தெட்டு வயசு. எங்கயோ ஒரு ஊர்ல ஆரோ எடுத்து வளத்திருப்பாங்க. கலியாணமும் முடிச்சிருப்பா. ஒரு நாளைக்கு அவட புள்ளையக் கூட்டிக்கிட்டு அவளும் இத பாக்க வந்தா? பேரக் காணுவா. டீச்சர்ட எழுத்தக் காணுவா. அந்தச் சித்திரத்துக்கு நாப்பத்தஞ்சு போட்டதுக்கு என்ன அழுகை அழுதவ தெரியுமா? அத மறப்பாவா?"

நஸ்லியா பிளேன்டியைக் கையிலெடுத்து, குடிக்காமலேயே திரும்ப வைத்தாள்.

"அவட வாப்பாக்கு நான் இத்தா இருந்தன்" என்றார் சுபைறா, யாரோ குறுக்குக் கேள்வி கேட்டதுபோல. "மையத்தக் கண்டன். அடக்கினாங்க. நாலு மாசம் பத்து நாளும் வெளிய எறங்காம இருந்தன். புள்ளைட ஒரு செருப்பக்கூட நான் காணல்ல. காணாம எப்புடி மகள் மௌத்தெண்டு சொல்லுற? எத்தின பேர் வந்து சொன்னாங்க, ஒரு யாஸீன் ஓதிவிடுங்க எண்டு. நான் ஓதல்ல." பிறகு கையேட்டின் பக்கம் கையை நீட்டினார். "எனக்கு எழுத்துத் தெளியாது இப்ப. என்ட புள்ளையப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்களன்."

நஸ்லியா பக்கத்தைப் புரட்டினாள். அவள் எழுதிய வரி, அவள் எத்தனையோ தடவை வாய்விட்டுப் படித்த வரி. "மர்ஹூம் முத்தலிப் அவர்களின் மகள்," என்று தொடங்கினாள். அடுத்த சொல் அங்கேயே கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, "பாத்திமா அப்ராவின் இந்தத் தேர்ச்சி அறிக்கை" என்று வாசித்து முடித்தாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். மாமி, ஒரு பிழை நடந்துபோச்சு, நான்தான் செய்தன் என்று சொல்லியிருக்கலாம். கையேட்டை மூடினாள்.

"அல்ஹம்துலில்லாஹ். வடிவா எழுதியிருக்கீங்க" என்றார் சுபைறா. "பொத்தகத்த வெச்சிட்டுப் போங்க, கண் சரிவந்தாப் பாப்பன்."

"இது மாதிரிக்குக் கொண்டுவந்தது மாமி. நல்லது அண்டைக்குத் தருவம்." ஒரே இருப்பில் இரண்டாவது பொய். கையேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

கனகரெத்தினம் பெரியநீலாவணைக்காரர். காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் மூன்று கையொப்பம் கேட்கிற மனிதர். நஸ்லியா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பணிப்பாளர் நாயகம் ஒப்பம் வெச்ச உரை பிள்ள. தலைமைக் காரியாலயம் இறுதிப் பிரதியெண்டு அனுப்பிப் போட்டுது. இனி நாம கை வெக்கேலா. ஒன்ட நியமனமும் இன்னும் நிரந்தரமாகல்ல."

"தெரியும் சேர்."

"வேணாம் வேணாமெண்டு சொன்னன். நீதானே சண்டை பிடிச்சு வெச்ச."

"ஓம் சேர். நான்தான்."

அவள் அழுதுவிடுவாளோ என்று அவர் பயந்திருக்க வேண்டும். எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். ரோட்டைப் பார்த்தபடியே, "என்ட தம்பிக்கு நாங்க இன்னும் திவசம் குடுக்கல்ல" என்றார். "அம்மா விடல்ல. இப்ப அம்மாவும் இல்ல, எண்டாலும் குடுக்கல்ல." பிறகு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அப்ராவின் பெட்டியிலிருந்த விளக்கப் பலகையைத் தானே கழற்றி, மோட்டார் சைக்கிளில் வைத்து அச்சுக்கடைக்குக் கொண்டுபோனார். பின்னேரம் புதிய பலகையோடும், பெயர் மட்டும் அச்சடித்த ஸ்டிக்கர் கட்டோடும் வந்தார். இருவரும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து நானூறு கையேடுகளிலும் அந்த ஒரு வரிக்கு மேலே ஒட்டினார்கள். "ஆரும் கேட்டா அச்சுப் பிழையெண்டு நான் சொல்லுவன், நீ வாய் துறவாத" என்றார் கனகரெத்தினம்.

மிச்சமிருந்தது உரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு அமைதியான நேரத்தில் நஸ்லியா அந்த வரியைப் புதிதாகப் பதிந்தாள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் சேர், அந்தத் தாய் மகள் உயிரோடு இருப்பதாக நம்புகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியும் அனுப்பினாள். ஒரு மணித்தியாலம் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சாம்பல் நிறத்தில் கிடந்த இரண்டு சரி அடையாளங்களும் நீலமாயின. சம்மதம் சொல்லும் பெருவிரல் படம் ஒன்று வந்து விழுந்தது. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. சுபைறாவிடம் போய் நடந்ததைச் சொல்லலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, இனி ஏன் அந்த மனிசியின் மனதைக் கலக்கவேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயம்.

சனிக்கிழமை காலை கூடம் நிரம்பி வழிந்தது. சுபைறா முன்வரிசையில், புது அபாயாவில், கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வந்ததும் வராததுமாக மகளின் பெட்டியிடம் போய், கண்ணாடியில் மூக்கு முட்டும்வரை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்து அமர்ந்தார். நஸ்லியா மேடைக்குப் பக்கவாட்டில், உரை அட்டைகளின் இன்னொரு பிரதியோடு நின்றாள். திருத்திய அட்டைகளை ஒலிவாங்கியடியில் அவளே வைத்திருந்தாள்.

பணிப்பாளர் நாயகம் அட்டைகளைப் பார்த்தார், புன்னகைத்தார், அவற்றைக் கவிழ்த்து வைத்தார். பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! எந்தப் பதிவை, பழையதையா புதியதையா? அவர் பேசத் தொடங்கியதும் சபையில் சந்தோஷச் சலசலப்பு ஒன்று ஓடியது. அது சாய்ந்தமருதுத் தமிழின் ராகம். நஸ்லியா மூச்சு எடுத்த இடத்தில் அவரும் மூச்சு எடுத்தார், அவள் இழுத்த இடத்தில் இழுத்தார். அவளுடைய குரலைத்தான் அந்தப் பெரிய மனிதர் உடுத்திக்கொண்டு நின்றார். கடலைச் சொன்னார், கரையைச் சொன்னார், கண்ணாடிப் பெட்டியின் பக்கம் கையைக் காட்டினார்.

"மர்ஹூம் முத்தலிப் அவர்களின் மகள்," என்றார். ஒரு மூச்சு எடுத்தார். அந்த மூச்சிலேயே நஸ்லியாவுக்குத் தெரிந்துவிட்டது.

"மர்ஹூமா பாத்திமா அப்ராவின்..."

தொண்டைக்கு அடியிலிருந்து, ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. சொன்ன கணமே அவருக்கும் ஏதோ நினைவு வந்ததுபோல முகம் ஒருதரம் தடுமாறியது. ஆனால் அடுத்த வரி நாக்கில் தயாராக நின்றது, அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தரம் மூன்றுக்கு வகுப்பேற்றப்பட்டுள்ளார் என்ற இடத்தில் பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள்.

உரை முடிந்து கைதட்டல் அடங்குவதற்கு முன்பே மேடையிலிருந்த மக்கீன் மௌலவி எழுந்துவிட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம். ஆனால் இறந்த குழந்தையின் பெயர் சபையில் அவ்வளவு அழகாகச் சொல்லப்பட்ட பிறகு அவர் எப்படிச் சும்மா இருப்பார்? "அந்தச் சின்னப் புள்ளைக்கும், எல்லா மர்ஹூம்களுக்கும் ஒரு துஆ" என்று கைகளை ஏந்தினார். முன்னூறு பேரின் உள்ளங்கைகளும் ஒன்றாக எழுந்தன. கதவடியில் கனகரெத்தினம் தலைகுனிந்து நின்றார். பணிப்பாளர் நாயகமும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கைகளை விரித்துக்கொண்டார்.

சுபைறாவின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன. கைப்பையின் பிடியை விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. அவர் மெல்லக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் சிவந்து, இன்னும் ஆறாமல் இருந்தது. மேடையை அவர் பார்க்கவில்லை. கதிரையில் முழுதாகத் திரும்பி, வரிசை வரிசையாக, முகம் முகமாகத் தேடினார். வீட்டில் உட்கார்ந்து தனக்கு வாசித்துக்காட்டிய பிள்ளையைத் தேடுகிறார் என்பது நஸ்லியாவுக்கு விளங்கியது. ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை. அந்தக் கண்கள் வந்து அவளிடம் நின்றன. முகத்தில் தங்கவில்லை, கீழே இறங்கின. அவற்றைத் தொடர்ந்து நஸ்லியாவும் குனிந்து பார்த்தாள். அட்டைகள் எப்போது காலடியில் விழுந்தனவோ தெரியாது. அவளுடைய இரண்டு கைகளும், சிறுவயதிலிருந்து பழகிய பழக்கத்தில், நெஞ்சுக்கு நேரே விரிந்து ஏந்தியபடி நின்றன.

"ஆமீன்" என்றது கூடம்.